பல் வங்கிக்காரர் பேசியதும் பல் டாக்டர் செய்ததும்

முழுதும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை கே.கே.நகரில் நாங்கள் போன பல் கிளினிக்குக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அதே சமயத்தில் "பால்பல்லை எங்களிடம் கொடுத்து வையுங்கள், ஸ்டெம் செல் எடுத்து உறைய வைத்துவிடுகிறோம்" என்று வீடு தேடி வந்த கம்பெனிக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். (ஸ்டெம் செல் என்றால் வேறு வேறு வகைச் சதையாக வளரக்கூடிய மூல செல்.) இரண்டு பேரும் பேசியது ஏறக்குறைய ஒரே விஷயம்தான்: செத்துப்போன பல்லுக்குள் மறுபடி உயிருள்ள சதையை வளரவைப்பது. ஒருவர் அதில் இன்றைக்கு எது முடியுமோ அதை மட்டும் செய்தார். இன்னொருவர் என்றைக்கோ வரப்போகிற எல்லாவற்றுக்கும் இன்றைக்கே பணம் கேட்டார்.

பெயர் இரண்டையும் போடவில்லை. கிளினிக் டாக்டரிடம் கேட்டேன், "வேண்டாம் சார், நாளைக்கே அறுபது வயசு தாத்தா எல்லாம் வந்து எனக்கும் ஸ்டெம் செல் வைங்கன்னு நிப்பாங்க" என்றார். கம்பெனியின் பெயரை ஏன் போடவில்லை என்று உங்களுக்கே தெரியும், வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சி குடும்பம் அலங்காநல்லூர் பக்கம். மருமகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது சிமெண்ட் தரையில் முகம் குப்புற விழுந்து மேல் முன்பல்லில் ஒன்று குறுக்கே உடைந்துவிட்டது. உடனே பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி, உடைந்த இடத்தைப் பல் நிறத்திலேயே அடைத்துக்கொண்டு வந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து அந்தப் பல்லுக்கு நேர் மேலே ஈறில் உளுந்து அளவுக்கு ஒரு கொப்புளம் வந்தது. அமுக்கினால் சீழ் வரும், இரண்டு நாள் அடங்கும், திரும்ப வரும். பையனுக்கு வலியே இல்லை. வலி இல்லாததால் பாட்டி உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னதோடு சரி.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் நிறைய வீட்டில் இப்படித்தான் போகிறது. பல்லின் நடுவில் பல்கூழ் என்று ஒரு மென்மையான சதை இருக்கிறது. நாம் பேச்சு வழக்கில் "பல் நரம்பு" என்று சொல்வது இதைத்தான், ஆனால் அதில் நரம்பு மட்டும் கிடையாது, ரத்தக்குழாய், பல்லைக் கட்டுகிற செல்கள் எல்லாம் உண்டு. அடிபட்ட பல்லில் அது மெதுவாகச் செத்துவிடலாம். செத்துவிட்டால் வலி எங்கிருந்து வரும்? ஆக, அடிபட்ட முன்பல்லில் வலி நின்றுபோய் ஈறில் கொப்புளம் வந்தால் அது குணமானதற்கு அடையாளம் கிடையாது.

பெரியவர்களுக்கு என்றால் ரூட் கேனால் செய்து, மேலே ஒரு கேப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில்தான் சிக்கல். முன்பல் ஏழு எட்டு வயதில் வெளியே வந்துவிடுகிறது, ஆனால் அதன் வேர் முழுதாக வளர்ந்து முனை மூடிக்கொள்ள அதற்கப்புறம் இன்னும் மூன்று வருஷம் போல ஆகும். அந்த வேரைக் கட்டுகிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் சதைதான். அது பாதியில் செத்தால் வேரும் பாதியில் நிற்கும். சுவர் மெல்லிசாக, முனை வாய் பிளந்தபடி. என் மாப்பிள்ளை, அதாவது பையனின் அப்பா, கொத்தனார். எக்ஸ்ரேயைத் திரையில் பார்த்ததும் "இது கம்பி கட்டி கான்கிரீட் போடாம விட்ட தூண் மாதிரில்ல இருக்கு மச்சான்" என்றார். டாக்டர் திரும்பிப் பார்த்து, "அண்ணன் சொன்னது ரொம்பச் சரி, இதை இப்படியே விட்டா இன்னொரு அடியில கழுத்தோட ஒடிஞ்சிரும்" என்றார்.

இதற்கு முன்னாலும் வைத்தியம் இல்லாமல் இல்லை. 1960களிலிருந்தே கால்சியம் ஹைட்ராக்சைடை உள்ளே வைத்து, மாதக்கணக்கில் மாற்றி மாற்றி, முனையில் ஒரு தடுப்புச் சுவர் உண்டாகும் வரை காத்திருப்பார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் வேறொன்றும் இல்லை, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பின் சுத்தமான வடிவம். (இதைப் படித்துவிட்டு வீட்டுச் சுண்ணாம்பைப் பிள்ளை வாயில் வைக்க யாரும் கிளம்ப வேண்டாம், வெந்துபோகும்.) நீண்ட நாள் அது உள்ளேயே இருந்தால் பல் நொறுங்கும் தன்மைக்குப் போகிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அப்புறம் எம்.டி.ஏ. என்ற சிமெண்டால் முனையை ஒரே அடியாக அடைக்கும் முறை வந்தது. வேகமான வேலைதான், ஆனால் சுவர் மெல்லிசாகவே நிற்கும், வேர் வளராது. கே.கே.நகர் டாக்டர் இந்த இரண்டையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாக ரீவாஸ்குலரைசேஷன் என்று ஒன்று இருக்கிறது, இவனுக்குப் பொருந்தும், முயற்சி செய்யலாமா என்று கேட்டார். தமிழில் சொல்வதென்றால், பல்லுக்குள் மறுபடி ரத்த ஓட்டத்தை வரவைப்பது.

அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. காகிதத்தில் பல்லைப் படமாக வரைந்தார். முனைக்கு வெளியே ஒரு சின்ன மெத்தை போல வரைந்து, வளரும் வேரின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சதையில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன, உள்ளே கூழ் செத்தாலும் இது பல நேரம் சாகாமல் தப்பித்திருக்கும், நாம் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு அங்கிருந்து ரத்தத்தை உள்ளே வரவைக்கப் போகிறோம், ரத்தத்தோடு அந்த செல்களும் வரும் என்றார். "வெளியிலிருந்து எதையும் வாங்கி வைக்கப் போறதில்ல சார், அவன் சொந்தச் சரக்கு." அதோடு நிறுத்தாமல், நூற்றுக்கு நூறு வரும் என்று சொல்ல மாட்டேன், வரவில்லையென்றால் எம்.டி.ஏ. அடைப்புக்குப் போவோம், அந்தக் கதவு மூடாது என்றும் சொன்னார்.

முதல் தடவை வேலை பார்த்தது முழுக்கச் சுத்தம் செய்வது. பல்லைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டினார்கள், எச்சில் உள்ளே போகாமலும், உள்ளே ஊற்றுகிற மருந்து தொண்டைக்குப் போகாமலும் இருக்க. பையன் "மாமா, மூச்சு முட்டுது" என்று கையை ஆட்டினான். டாக்டர் உடனே நிறுத்தி, மூக்கு மேல் வரும் ஓரத்தைக் கத்திரிக்கோலால் வெட்டிவிட்டு, "இப்ப பாரு தம்பி, மூக்கு ஃப்ரீ" என்றார். இந்த மாதிரி சின்ன விஷயத்துக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

சுத்தம் செய்யப் பயன்படுத்தியது சோடியம் ஹைப்போகுளோரைட், நாம் தரை துடைக்கிற பிளீச் வகைதான். வழக்கமான ரூட் கேனாலில் 5 சதவீதம் வரைகூடப் போவார்களாம், இதில் 1.5 சதவீதம்தான். கிருமியும் சாக வேண்டும், முனையில் இருக்கும் செல்கள் சாகக்கூடாது என்பதால் இந்த அளவு. கம்பியைப் போட்டுச் சுரண்டுவதும் கிட்டத்தட்டக் கிடையாது, சுவர் ஏற்கெனவே மெல்லிசு. அப்புறம் நான் சொன்ன சுண்ணாம்பு மருந்தை உள்ளே வைத்து, தற்காலிகமாக அடைத்து, சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சில இடங்களில் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூன்றையும் குழைத்து வைப்பார்கள். அதில் மினோசைக்ளின் பல்லைக் கறுக்கவைக்கும். முன்பல் என்பதால் அதை இவர் தொடவில்லை. நீங்கள் எங்கே போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த மருந்து வைக்கிறீர்கள், பல் நிறம் மாறுமா?

அடுத்த தடவை போனபோது கொப்புளம் இருந்த சுவடே இல்லை. அன்றைக்குத்தான் அசல் வேலை, அன்றைக்குத்தான் எனக்கு ஒரு மனக்குறையும். மரத்துப்போகிற ஊசியில் வழக்கமாக அட்ரினலின் கலந்திருக்கும், அது ரத்தக்குழாயைச் சுருக்கும், அதனால் மரத்துப்போனது நீண்ட நேரம் நிற்கும். இங்கே ரத்தம் வர வேண்டும் என்பதால் அட்ரினலின் இல்லாத ஊசி. அது சீக்கிரமே விட்டுப்போகும். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பையனைத் தயார் செய்து கூட்டி வந்திருப்போம். நாற்காலியில் படுத்த பிறகுதான் சொன்னார்கள். நடுவில் ஊசி விட்டுப்போய், அவன் அழுது, இன்னொரு ஊசி போட்டு, தங்கச்சி வெளியே போய் நின்றுகொண்டாள்.

நான் உள்ளேயே இருந்தேன். முதலில் ஈ.டி.டி.ஏ. என்ற திரவத்தை விட்டுக் கழுவினார். பல்லின் சுவருக்குள்ளேயே வளர்ச்சிக்கான புரதங்கள் பூட்டிக் கிடக்கின்றன, பல் உருவானபோது அடைபட்டவை, இந்தத் திரவம் அதை வெளியே இழுத்துவிடும், ரத்தத்தோடு வருகிற செல்களுக்கு இது வேலை சொல்லும் என்று உதவிக்கு நின்ற பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்தவர் போல. எனக்காகச் சொல்லவில்லை, ஆனால் காதில் விழுந்தது. அப்புறம் மெல்லிய ஊசி போல ஒரு ஃபைல், அதில் அளவுக்கு ஒரு சின்ன ரப்பர் வளையம். வேர் நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் போகும்படி வளையத்தை நகர்த்தி வைத்து, மெதுவாக உள்ளே விட்டுச் சுழற்றினார். ஒன்றும் வரவில்லை. காத்திருந்து மறுபடி. அந்தக் கண்ணாடி லென்ஸ் மாட்டிய முகம் அசையவே இல்லை. மூன்றாவதோ நான்காவதோ, பல்லின் குழியில் அடியிலிருந்து சிவப்பு ஏறி வந்தது. ஈறு மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே வந்ததும் பஞ்சை மேலே வைத்து நிறுத்தினார். கால் மணி நேரம் போல எல்லோரும் சும்மா இருந்தோம், ரத்தம் உறைய. உறைந்த ரத்தம்தான் செல்கள் பிடித்து வளர்வதற்கு, கட்டடத்துக்குக் கட்டுவது போன்ற சாரம்.

உறைந்ததன் மேல் வைத்து மூடியது ஒரு சிமெண்ட். நிஜமாகவே சிமெண்ட். 1990களில் அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபினேஜாத் என்பவர் கொண்டுவந்த எம்.டி.ஏ., வீடு கட்டுகிற போர்ட்லேண்ட் சிமெண்டின் குடும்பம்தான், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தது. அது இறுக மணிக்கணக்காகும், பல் நிறத்தையும் கொஞ்சம் மாற்றிவிடும் என்பதால் இவர் அதே இனத்தில் புதிதான பயோடென்டினைப் பயன்படுத்தினார். அது பன்னிரண்டு நிமிஷம் போல எடுக்கும். மாப்பிள்ளை கேட்டதும் கண் விரிந்துவிட்டது. "தண்ணி ஊத்தி நனைக்கணுமா டாக்டர்?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. எம்.டி.ஏ. என்றால் ஈரப் பஞ்சு மேலே வைத்துத்தான் மூடுவார்கள், ஈரத்தில்தான் இறுகும், இந்தப் புதுசில் சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடும் தண்ணீரைக் குறைக்கிற சரக்கும் திரவத்திலேயே கலந்திருக்கிறது என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "நாங்க சென்ட்ரிங்குக்கு ஊத்துற மருந்துதான் மச்சான்" என்றார். ஊருக்குப் போய் இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

இனி, இது எந்த அளவுக்கு நம்பகமான வைத்தியம் என்ற கேள்வி. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். யோசனை புதிதில்லை. 1961-லேயே நார்வேக்காரரான நைகார்ட் ஆஸ்ட்பி ரூட் கேனாலுக்குள் ரத்தத்தை உறையவைத்துப் பார்த்திருக்கிறார். 2001-ல் ஜப்பானில் இவாயா குழுவினரும், 2004-ல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் பிள்ளைகளின் செத்த பல்லில் வேர் மறுபடி வளர்ந்ததைப் பதிவு செய்த பிறகுதான் உலகம் முழுக்க டாக்டர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். இதற்கிடையில் இன்னொரு பக்கம், 2000-ல் ஸ்டான் க்ராந்தாஸ், சாங்டாவ் ஷி குழுவினர் பிடுங்கிப் போட்ட ஞானப்பற்களின் கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். 2003-ல் விழுந்த பால்பல்லிலும் இருக்கிறது என்று ஷியின் குழு காட்டியது. தன் மகளின் ஆடுகிற பல்லைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்ததாம். நம்மூரில் சாணியில் உருட்டி ஓட்டு மேல் எறிந்ததெல்லாம் அதுதான். 2011-ல் டெக்சாஸில் சான் அன்டோனியோவில், நான் பார்த்த மாதிரியே வேர் நுனியைக் குத்தி வரவைத்த ரத்தத்தைச் சோதித்ததில், உடம்பில் ஓடும் சாதாரண ரத்தத்தைவிட ஸ்டெம் செல்லின் அடையாளங்கள் பல நூறு மடங்கு கூடுதலாக இருந்திருக்கின்றன. ஆக டாக்டர் வரைந்த படம் சும்மா சொன்னதில்லை.

ஆனால் ஒரு பெரிய ஆனால் உண்டு, அதையும் டாக்டர் மறைக்கவில்லை. உள்ளே வளர்வது அசல் பல்கூழாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. விலங்குகளில் செய்து, பல்லை எடுத்து வெட்டிப் பார்த்ததில் பெரும்பாலும் எலும்பு போன்ற, வேரின் மேல்பூச்சு போன்ற திசுதான் வளர்ந்திருந்தது. சீழ் போய், எலும்பு ஆறி, சுவர் தடித்து, வேர் கொஞ்சம் நீண்டால் அதுவே வெற்றி. உணர்ச்சி திரும்பினால் போனஸ்.

அசல் கூழையே வளர்த்திருக்கிறார்களா என்றால், அதற்கும் மனிதர்களில் முயற்சி நடந்திருக்கிறது. 2017-ல் ஜப்பானில் மிசாகோ நகாஷிமா குழுவினர் ஐந்து பேருக்கு, அவரவர் வேண்டாத பல்லிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, கூழ் எடுக்கப்பட்ட பல்லுக்குள் வைத்தார்கள். 2018-ல் சீனாவில் ஷியான் நகரத்தில், அடிபட்ட முன்பல் கொண்ட 40 பிள்ளைகளைச் சேர்த்து, 30 பேருக்கு அவர்களுடைய சொந்தப் பால்பல்லின் செல்களை வளர்த்து உள்ளே வைத்தார்கள், 10 பேருக்குப் பழைய முறை. செல் வைத்த பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்தில் ரத்தக்குழாய், நரம்பு சேர்ந்த கூழே வளர்ந்து, வேரும் நீண்டிருக்கிறது. படிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் இது ஆய்வு. சுத்தமான ஆய்வகம், வாரக்கணக்கில் செல் வளர்ப்பு, எக்கச்சக்க செலவு. மதுரையில் ஒரு மாடி கிளினிக்கில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

இங்கேதான் பல் வங்கிக்காரர் வருகிறார். பையனுக்குப் பல்லில் பிரச்சினை என்று எப்படியோ தெரிந்து, கையில் டேப்லட்டும் பளபளப்பான காகிதமுமாக ஒரு தம்பி தங்கச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல பேச்சு. "அக்கா, இந்த ஆடுற பல்லு கீழ விழுறதுக்கு முன்னாடி எடுத்து அனுப்பிட்டா போதும், நாளைக்குச் சர்க்கரை, பக்கவாதம், மூட்டுத் தேய்மானம் எது வந்தாலும் தம்பிக்குக் கவலையே இல்ல" என்று, அதே ஷியான் ஆய்வின் படத்தையே காட்டியிருக்கிறார். தங்கச்சி முன்பணமும் கொடுத்துவிட்டாள். கொத்தனார் வீட்டில் அது சும்மா வந்த பணம் இல்லை.

நான் போனில் பேசிக் கேட்டது ஒன்றே ஒன்று: பல் கூழைச் சேமித்து வைக்க உங்களுக்கு எந்த அனுமதி இருக்கிறது, நகல் அனுப்புங்கள். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் ஒன்று வந்தது. அது இல்லை தம்பி, மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி என்றேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்றேன் சார்", அவ்வளவுதான், அப்புறம் போனை எடுக்கவில்லை. விஷயம் என்னவென்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிமுறையில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: தொப்புள்கொடி ரத்த வங்கிக்கு மட்டும்தான் அனுமதி, பல் உட்பட மற்றவற்றை வங்கியில் சேமிப்பதற்கு அனுமதி இல்லை. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை தவிர, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை நோயாளிக்குக் கொடுக்கவும் கூடாது. இன்னொன்று, ஷியான் ஆய்வில் செல் எடுத்தது அந்தந்தப் பிள்ளை வாயிலேயே இருந்த பால்பல்லிலிருந்து. இருபது வருஷம் உறையவைத்த பல்லிலிருந்து இல்லை. அந்தப் படத்தைக் காட்டி வங்கிக்குப் பணம் கேட்பதில் எங்கே நியாயம் இருக்கிறது? முன்பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று எழுத்தில் அனுப்பிய பிறகுதான் வந்தது, அதிலும் "நிர்வாகக் கட்டணம்" என்று பிடித்துக்கொண்டு மீதி.

சரி, கிளினிக்குக்கு வருவோம். செலவு மொத்தமும் ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை, எக்ஸ்ரே, மேலே உடைந்த பல்லைச் சரி செய்த வேலை எல்லாம் சேர்த்து. பில்லில் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். கேப் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் நெருக்கவில்லை. வளர்கிற வயது, இப்போது வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். இதெல்லாம் நல்லது.

நல்லதில்லாததும் இருக்கிறது. வேர் சிகிச்சைக்கான சிறப்பு டாக்டர் வாரத்தில் சில சாயங்காலம் மட்டும்தான் வருகிறார், டோக்கன் போட்டாலும் நேரம் ஒரு பேச்சுக்குத்தான். மாட்டுத்தாவணியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவர்களை ஒன்பது மணி வரை உட்காரவைத்தால் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை யார் பிடிப்பது? வரவேற்பில் இருக்கும் பெண் போன் பேசிக்கொண்டேதான் எல்லாருக்கும் பதில் சொல்கிறது. மாடிப்படி குறுகல், லிஃப்ட் இல்லை, வயசானவர்களைக் கூட்டிப்போனால் கஷ்டம். குறைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதி இதற்கு, பாதி அந்த அட்ரினலின் இல்லாத ஊசி பற்றி முன்னாலேயே சொல்லாததற்கு.

பல் எப்படி இருக்கிறது என்றால், கொப்புளம் திரும்ப வரவே இல்லை. ஆறு மாத எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி இருந்த கறுப்பு சுருங்கியிருந்தது. ஒரு வருஷ எக்ஸ்ரேயைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவர் தடித்திருப்பது எனக்கே தெரிகிறது, முனையும் குறுகியிருக்கிறது. நீளம் பெரிதாகக் கூடவில்லை. குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தால் அந்தப் பல்லில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்கிறான், கீழவாசலில் ஜிகர்தண்டாவை அந்தப் பல்லால் கடித்துக் கடித்துக் காட்டுகிறான். நிறம் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் ஒரு இழை மங்கல், வெயிலில் பார்த்தால்தான் தெரியும். நாளடைவில் உள்குழி சுண்ணாம்பு படிந்து அடைபடவும் வாய்ப்பு உண்டு என்பதால் இரண்டாம் வருஷமும் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் பாதி வேலை இந்தத் தொடர் பார்வைதான். வலி இல்லை என்று போகாமல் விட்டால் செய்தது வீண்.

கேட்பவர்களுக்கு: இது எல்லாருக்கும் ஆகாது. வேர் முனை திறந்திருக்கிற இளம் பல்லுக்குத்தான் நன்றாக எடுக்கும். பெரியவர்களுக்கு முனைத் துளை அரை மில்லிமீட்டர் அளவுக்குள்தான், அங்கே இந்த மெத்தையும் கிடையாது, சாதாரண ரூட் கேனாலே போதும், நாற்பது வயதில் போய் எனக்கும் இதையே செய்யுங்கள் என்று கேட்காதீர்கள். பால்பல்லுக்கும் இது இல்லை. காசு தட்டுப்பாடு என்றால் கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள். கல்லூரிகளில் நேரம் கூடுதலாகும், செலவு குறையும். பிள்ளைக்கு நிலையான முன்பல் வேரோடு விழுந்துவிட்டால் அது வேறு கதை: வேரைத் தொடாமல் பல்லின் மேல் பகுதியைப் பிடித்து, துடைக்காமல், குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணி, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். மருமகன் படிக்கிற பள்ளியில் இதை ஒரு தாளில் எழுதி ஆபீஸ் ரூமில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒட்டினார்களா என்று அடுத்த தடவை போகும்போது பார்க்க வேண்டும்.

அந்த கிளினிக்குக்குப் போகிறவர்கள் டோக்கனுக்கு மதியமே போன் செய்துவிடுங்கள். வண்டியை எதிர்ச்சந்தில் விடுங்கள், வாசலில் விட்டால் கீழே இருக்கும் கடைக்காரர் சத்தம் போடுவார். எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் அனுப்புகிறார்கள்.